வகுத்ததால் போன ஒரு மதிப்பெண்

நாரின் என்ற மலையூரின் பள்ளியில் புருல்சா இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். நாக்கு கொஞ்சம் நீளம். எது பெரிது என்கிற கணக்கில் அவசரப்பட்டு எக்ஸால் வகுக்கிற பிள்ளை அகப்பட்டால் போதும், "அது பிளஸ்ஸா மைனஸான்னு தெரியாம எதுக்குடா கை வைக்கிற?" என்று உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அந்த வருடம் பிள்ளைகள் குறைந்துபோனதால் ஒரு கணக்கு ஆசிரியர் போதும் என்றார்கள். புருல்சாவுக்கும், நான்கு வருடம் முன்பு சேர்ந்த எசென்பைக்கும் தேர்வு வைத்தார்கள். அதிக மதிப்பெண் வாங்குபவருக்கு வேலை. புருல்சா நாற்பத்தொன்று, எசென்பை நாற்பது.

எசென்பை அறிவிப்புப் பலகை முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"எட்டாவது கேள்வில போச்சுக்கா. மூணு எக்ஸ் அஞ்சு எக்ஸைவிடப் பெரிசு, எக்ஸ் என்ன குறின்னு கேட்டாங்க. மைனஸ்னு போட்டேன். அப்படி ஒரு எண்ணே கிடையாதாம்."

"நானும் கிடையாதுன்னுதாண்டா போட்டேன். ரெண்டு பக்கமும் எக்ஸை அடிச்சா, மூணு அஞ்சைவிடப் பெரிசுன்னு வருது. நடக்குமா?"

"அடிச்சிட்டீங்களா?" என்றான்.

தெருவில் பாழாய்ப்போன குளிர், மைனஸ் பத்து டிகிரி. அதுதான் எக்ஸ் என்று வைத்தால், மூன்று மடங்கு மைனஸ் முப்பது, ஐந்து மடங்கு என்றால் மைனஸ் ஐம்பது. முப்பதில் சந்தைக்குப் போய் வரலாம், ஐம்பதில் கதவைத் திறக்க முடியாது. எது பெரிது என்று இந்த ஊர் ஆட்டைக் கேட்டாலும் சொல்லுமே! விடை தயாரித்த ஆளும் புருல்சாவைப் போலவே வகுத்துத் தொலைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் வேலை அவளுக்குத்தான். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. ரொட்டிக் கடை வரை நடந்தாள். அங்கிருந்து பள்ளிக்கே திரும்பி, தாள் திருத்திய தேர்வாளரிடம் எட்டாவது விடை தப்பு, திருத்துங்கள் என்றாள்.

தேர்வாளர் சிரித்தார். "ஏங்க்கா, ஜெயிச்சவங்க யாராவது திருத்தச் சொல்லுவாங்களா?"

"எக்ஸுக்கு மைனஸ் ஒண்ணைப் போட்டுப் பாருங்க."

போட்டார். மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து. சிரிப்பு நின்றது.

"அப்ப உங்க மார்க்கு..."

"தெரியும். அடிங்க."

அவளுக்கு நாற்பது, எசென்பைக்கு நாற்பத்தொன்று. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவன் இன்னும் பலகை முன்னால்தான் நின்றான்.

"வீட்டுக்குப் போடா. திங்கக்கிழமை எட்டாம் வகுப்புக்கு நீதான் போகணும்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.