பூட்டில் வைத்த சந்தனம்

எங்கள் காரில் ஸ்டியரிங்கைப் பூட்டும் வசதி இருந்தது. சாவியை உருவிவிட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம்; அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் அசையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அது பெரிய அதிசயம். கொழும்பிலிருந்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய பழைய கார்தான். ஆனாலும் கடலை மண்டி வைத்திருந்த என் வீட்டுக்காரர், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பூட்டைப் போட்டுக் காட்டிய பிறகுதான் காபி கொடுக்கவே சொல்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டிரைவர் காரைக் கழுவித் துடைத்து, பூட்டி, சாவியைப் பூஜையில் வைத்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருவரங்குளத்திலிருந்து சைக்கிளில் வந்து போவார், அதிர்ந்து பேசமாட்டார். நான் சந்தனக் கிண்ணத்தோடு போய் விளக்கு, கண்ணாடி, சக்கரம் என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். கடைசியாக அந்தப் பூட்டு. வீட்டுக்காரரின் செல்லப்பிள்ளைக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்போம் என்று சந்தனத்தை வழித்தேன்.

"சாவி ஓட்டைல வேணாங்கம்மா, பக்கத்துல வச்சாப் போதும்" என்றார் டிரைவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொட்டு வைக்க எனக்கு ஓர் ஆள் சொல்லித்தர வேண்டுமா? வேண்டுமென்றே ஓட்டையின் மேலேயே வைத்து, உதிராமல் இருக்கட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தினேன். அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, என் வீட்டுக்காரர் புது வேட்டியோடு பின் சீட்டில் உட்கார்ந்தாயிற்று. சாவி பாதிதான் நுழைந்தது. தட்டி நுழைத்தும் திரும்பவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தார். அதைக் கண்டதும் இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முரட்டுத்தனமாக இழுத்துப் பூட்டை உடைத்துவிட்டான், நல்ல நாளும் அதுவுமாக வண்டியை முடக்கிவிட்டான் என்று தெருவே கேட்கக் கத்தினார். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். வாசலில்தான் நின்றேன், வாயும் இருந்தது. வீட்டுக்காரர் திட்டுவாரே என்ற பயம்கூட இல்லை. டிரைவர் சொன்னது சரி என்று அவர் எதிரிலேயே ஒப்புக்கொள்வதா என்கிற வீம்புதான்.

இவர் மண்டிக்குப் போனதும் டிரைவர் தன் துண்டையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொள்ள வந்தார். அவருக்கு நாலு பிள்ளைகள். இந்த வேலையில்தான் அங்கே அடுப்பு எரிந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஐயாட்ட நான் ஒண்ணும் சொல்லலம்மா. பூட்டுல மண்ணெண்ணெய் விட்டு ஊற வைங்க, தெறந்துக்கிரும்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அன்று மதியமே, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் மண்ணெண்ணெய் எடுத்துப்போய்ப் பூட்டுக்குள் விட்டேன். ஊறியதும் கொண்டை ஊசியால் கிளறினேன். மஞ்சளாகக் கசிந்து வந்தது. சாவியைப் போட்டேன், திரும்பியது. ஸ்டியரிங்கும் அசைந்தது. அப்போதே மண்டிக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் சாயங்காலத்துக்குள் டிரைவரைத் திரும்பக் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் பூட்டு எப்படித் திறந்தது என்று இவர் கேட்பாரே. நான் சாவியை உருவி, ஸ்டியரிங்கைத் திருப்பி, மறுபடியும் பூட்டினேன். கசிந்ததைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் நான் செய்தவற்றில் இதைப்போல என்னை உறுத்துவது வேறொன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் புது டிரைவர் வந்தார். சாவியைப் போட்டார். முதல் திருப்பிலேயே பூட்டு விடுபட்டது. என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியா, வெவரமானவன் கை பட்டதும் தெறந்துக்கிருச்சு. அந்த ஆளு வண்டியவே கெடுத்திருப்பான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.