கலியன் கூட்டிவந்த பதினெட்டுப் பேர்

கலியனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தம் நான்கு சொல். ஷிப்ட், கான்ட்ராக்ட், பர்மனெண்ட் மூன்றும் நெய்வேலிக்கு வேலை தேடி வந்த முதல் வாரத்திலேயே காதில் விழுந்துவிட்டன. நான்காவது வந்து சேர ஆறு வருஷம் ஆனது.

சுரங்கத்துக்காக முந்திரித் தோப்புகள் போனபோது, நஷ்டஈட்டுக்குக் காட்டத் தோப்புக்காரர்களிடம் பட்டா இருந்தது. அதே தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய கலியன் எதைக் காட்டுவான்? கான்ட்ராக்டில் சேர்ந்தான். ஓடும் பெல்ட்டிலிருந்து சிதறும் நிலக்கரியை வாரி மறுபடி பெல்ட்டிலேயே போடும் வேலை. வாரி நிமிர்வதற்குள் இன்னும் அவ்வளவு சிதறிக் கிடக்கும். நெஞ்செல்லாம் கரியை ஏற்றிக்கொண்டு அவன் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பர்மனெண்ட்.

எழுபத்தெட்டாம் வருஷம் மேஸ்திரி வெள்ளைச்சாமி ஒருநாள் அவன் தோளில் கை போட்டார். "உங்க ஊர்லேர்ந்து ஆளுங்களக் கூட்டியா கலியா. பர்மனெண்ட்டுக்குப் பேர் கேட்டாங்கன்னா உன் பேரத்தான் மொதல்ல சொல்லுவேன்."

மேஸ்திரி தொட்டுப் பேசியதிலேயே கலியனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரமே பதினெட்டுப் பேரோடு சுரங்கக் கேட்டில் வந்து நின்றான். தங்கை செல்லக்கிளியின் புருஷன் பெரியண்ணனும் அதில் ஒருவன். வரமாட்டேன் என்றவனை வீடு தேடிப் போய் மல்லுக்கட்டி இழுத்து வந்திருந்தான்.

வெள்ளைச்சாமி எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "பிளென்டி கலியா, பிளென்டி!"

அப்படியென்றால் என்ன என்று பெல்ட் ஆபரேட்டர் ஜெயராமனிடம் கேட்டான்.

"வேண்டியதுக்கு மேலயே இருக்குன்னு அர்த்தம். சீசன்ல பண்ருட்டியில பலாப்பழம் கெடக்குல்ல, அந்த மாதிரி."

கலியனுக்குப் பூரிப்பு. "இனிமே நம்ம வூட்லயும் பிளென்டிதான்" என்று பெண்டாட்டி ருக்குமணியிடம் சொல்லிச் சிரித்தான்.

எல்லாம் ஒரு மாதம்தான். பிறகு கேட்டில் நாற்பது பேர் நின்றால் மேஸ்திரி இருபது பேரைத்தான் உள்ளே விட்டார். அதுவும் இளவட்டங்களை. நாற்பத்தைந்து வயது இருமல்காரனை எவன் கூப்பிடுவான்? "ஆளு பிளென்டியா இருக்குது கலியா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார், முகத்தைக்கூடப் பார்க்காமல். நன்றிகெட்ட மனுஷன்! கலியன் தன் மண்வெட்டியைப் பெரியண்ணனிடம் கொடுத்தான். தங்கை வீட்டிலாவது உலை கொதிக்கட்டும். தானும் தினம் போய்க் கேட்டில் நின்றான்.

ஆடியில் ஒருநாள் காலை, பெல்ட் ரோலரில் துண்டு சிக்கிப் பெரியண்ணன் செத்துப் போனான். உடம்பை ஏற்றிய லாரி கேட்டைத் தாண்டும்போது கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் யாருடையவை என்று கலியனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். லாரி நிற்கவில்லை. அழுதபடி கேட்டுக்கே திரும்பி வந்தான்.

ஜீப்பில் வந்திறங்கிய கான்ட்ராக்டர், "பெல்ட்ட ஓட்டணும். ஆள் இருக்கா?" என்று மேஸ்திரியைக் கேட்டார்.

"பிளென்டி சார்."

வெள்ளைச்சாமி கேட் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு ஆளு" என்றார். வெளியே நின்ற அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். அழுதுகொண்டிருந்த கலியனும்தான். கை தானாக உயர்ந்துவிட்டது என்று பிற்பாடு ருக்குமணியிடம் சொன்னான். தானாக எந்தக் கையும் உயராது.

"நீ வாடா கலியா. இன்னிக்கு வந்தீன்னா பேரு திரும்ப கான்ட்ராக்ட் லிஸ்ட்ல ஏறும்."

உள்ளே அவன் மண்வெட்டி தூணில் சாய்ந்திருந்தது. ஷிப்ட் முடியும்வரை வாரினான்.

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனபோது, ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு இன்னும் வந்திருக்கவில்லை. செல்லக்கிளி அவன் மேலெல்லாம் அப்பியிருந்த கரியைப் பார்த்தாள். தோளில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தாள்.

"நீ ஓடியாருவேன்னு பகலெல்லாம் வழியப் பாத்துகினு இருந்தேண்ணா" என்றாள். "அவுரு எடத்துல யாரப் போட்டாங்க?"

"நான்தாம்மா."

அதற்கப்புறம் பதினோரு வருஷம் கலியன் உயிரோடு இருந்தான். பர்மனெண்ட் ஆகவில்லை. செல்லக்கிளி அவனை அண்ணா என்று கூப்பிடவும் இல்லை.