அக்கரைக்கு எழுதிய பாட்டுப் பட்டியல்

ஐம்பதுகளின் கடைசியில் மண்டபத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், பெண்கள் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. மொத்தம் இரண்டே டீச்சர்கள். தலைமையாசிரியையைப் பிள்ளைகள் பெரிய டீச்சர் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். அவர் மண்டபத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார். நான் சிக்கல் பக்கம் விவசாயம் செய்யும் ஒரு சம்சாரி வீட்டுப் பெண். கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் மீன்பிடிக்கும் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரம்மாவை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

பெரிய டீச்சர் ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். அவர் படித்து முடித்ததும் அது என் கைக்கு வரும். அப்படி வந்த ஓர் இதழில் அதன் சங்கீத விமர்சகர் அந்த ஆண்டின் சிறந்த சினிமாப் பாடல்கள் என்று பத்துப் பாட்டுக்கு வரிசை போட்டிருந்தார். ராகம், உச்சரிப்பு, வாத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. படிக்கப் படிக்க எனக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே போனது. ஆறு பாட்டு ஒரே கம்பெனியின் படங்களில் வந்தவை. அந்தக் கம்பெனியின் விளம்பரம் பின்னட்டை முழுக்க இருந்தது. அதையாவது விட்டுவிடலாம். முதலிடம் பெற்ற பாட்டு எந்தப் படத்தில் வருகிறதோ அந்தப் படத்துக்குப் பின்னட்டையில் ‘விரைவில்’ என்று போட்டிருந்தது.

“வராத படத்துப் பாட்டுக்கு எப்படி டீச்சர் முதல் இடம்?” என்று கேட்டேன்.

“ரெக்கார்டு முன்னாடியே வந்திருக்கும்மா. பட்டணத்துல எல்லாரும் கேட்டிருப்பாங்க.”

“நம்ம ரேடியோவுல ஒரு தடவகூட வரலையே?”

“உனக்கு எதுலதான் சந்தேகமில்ல?” என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். பிள்ளைகள் வருகைப் பதிவைக்கூட இரண்டு தரம் எண்ணுகிறவள் நான்.

நம்ம ரேடியோ என்று நான் சொன்னது அக்கா வீட்டு ரேடியோவை. அக்காவின் வீட்டுக்காரர் எங்கிருந்தோ வாங்கி வந்த பாட்டரி ரேடியோ. கம்பியை முற்றத்துப் பனையில் கட்டியிருந்தார்கள். மதராஸ் ஸ்டேஷன் இரைச்சலோடு வரும். கடலுக்கு அந்தப் பக்கத்து ஸ்டேஷன், அக்கரை ஸ்டேஷன் என்று நாங்கள் சொல்வது, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்கும். ஆனால் காற்று மாறினால் அதுவும் பாட்டை விழுங்கிவிடும். பெரும்பாலும் விழுங்குவது முதல் வரியையும் படத்தின் பெயரையும்தான். அதனால் எனக்குப் பிடித்த பாட்டுகளில் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது. நானே ஒரு பெயர் வைத்துக்கொள்வேன். ஆரம்பத்தில் மூன்று முறை மரத்தில் தட்டுவதுபோல் சத்தம் வரும் பாட்டு, மூணு தட்டுப் பாட்டு. ஒருத்தி விளக்கை ஊதி அணைக்கச் சொல்லிப் பாடுவது விளக்குப் பாட்டு.

விமர்சகர் மேல் வந்த கோபத்தில் நானும் ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எழுதத் தொடங்கியதும் என் மேலேயே சந்தேகம் வந்தது. வண்டிக்காரன் பாட்டு ஒன்றை முதலில் எழுதியிருந்தேன். அது உண்மையிலேயே நல்ல பாட்டா, அல்லது என் முதல் சம்பள நாளில் கேட்டதால் நல்ல பாட்டா? அதை அடித்துவிட்டு ஆறாவதாக எழுதினேன். பெரிய டீச்சருக்குப் பிடிக்கும் என்பதற்காக நான் தலையாட்டிய பாட்டு ஒன்று இரண்டாவதாக இருந்தது. அதை எடுத்தே விட்டேன். ஒரே ஒரு தடவை கேட்டவற்றைச் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் அடித்து அடித்து எழுதியதில் பதினோரு பாட்டு நின்றது. பத்தாக்க மனம் வரவில்லை.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே மீனைக் கழுவுவார்.

“பாட்டுக்கு எதுக்கு தங்கச்சி மார்க்குப் போடுற? பரீட்சையா எழுதுச்சு?”

“ஒருத்தன் தப்பாப் போட்டிருக்கான் அக்கா.”

“அவன் பாட்டுக்கு அங்கன போட்டுட்டுப் போறான். எழுதி வச்சா எவன் கையிலயாவது மாட்டும். பேசுனமா விட்டமான்னு இருக்கணும்.”

அந்தச் சமயத்தில்தான் அக்கரை ஸ்டேஷனில் நேயர்களின் பட்டியலைக் கேட்டு அறிவித்தார்கள். யாருடைய பட்டியலும் வரலாம், நன்றாக இருந்தால் வாசித்து அந்தப் பாட்டுகளையும் போடுவோம் என்றார்கள். நான் ஓர் அட்டையில் நெருக்கி எழுதினேன். பெயர் தெரியாத பாட்டை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டுமே என்று அடையாளமும் எழுதினேன். தபால்காரர் எங்கள் ஊருக்கு உச்சிவேளையில் வருவார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பேன். அதனால் அக்காவிடம் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடச் சொன்னேன். சேர்த்துவிட்டேன் என்று சாயங்காலம் அக்கா சொன்னார்.

பத்து நாள் கழித்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது காக்கி உடுப்பில் ஒரு பெரியவர் வாசலில் வந்து நின்றார். மண்டபம் சுங்க ஆபீசிலிருந்து வந்த பியூன். மறுநாள் காலை நான் ஆபீசுக்கு வர வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எதற்கு என்று அதில் இல்லை.

பெரிய டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. “ஏம்மா, எங்கயாவது எதையாவது எழுதினியா?” என்றார். அவர் அப்படிக் கேட்டதை அப்போது நான் கவனித்து வைத்துக்கொண்டேன். நான் எழுதியது இவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் அதைவிட மோசம். அக்காவின் வீட்டுக்காரர் ரேடியோவைக் கோணியில் சுற்றி எங்கோ எடுத்துப் போய்விட்டார். பனையில் கம்பி இல்லை. அதற்கு லைசென்ஸ் கட்டவில்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“எங்க வீட்டப் பத்தி என்ன எழுதுன?” என்று அக்கா கேட்டார். தங்கச்சி என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் பெரிய டீச்சர் கூட வந்தார். ஆபீசர் அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். உள்ளே அவரும் நானும்தான். கதவருகே அந்தப் பியூன். ஆபீசர் வடக்கே மதராஸ் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை உட்காரச் சொல்லி, மேஜை மேல் என் அட்டையை வைத்தார். பென்சிலால் நிறைய இடத்தில் கோடு போட்டிருந்தது.

“இது உங்க கையெழுத்தா?”

“ஆமா சார்.”

அவர் வாசிக்க ஆரம்பித்தார். “மூணு. படகுப் பாட்டு. தென்காற்று இருந்தால் மட்டும் எங்கள் கரையில் தெளிவாகக் கிடைக்கும். நாலு. மூணு தட்டு. ஞாயிறு மதியம் தவறாமல் எதிர்பார்க்கிறோம். ஏழு. விளக்கை அணைப்பது. இதை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.” நிமிர்ந்து பார்த்தார். “யார் எதிர்பார்க்கிறது? என்ன கிடைக்கும்?”

அவர் வாயால் கேட்கும்போது எனக்கே அது பாட்டுப் பட்டியலாகத் தெரியவில்லை. கள்ளத் தோணிகளையும் தங்கத்தையும் பற்றிப் பேசாத நாளில்லை அந்தக் கரையில். நான் ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். காற்று மாறினால் பாட்டு கேட்காது என்றேன். யார் வீட்டு ரேடியோ என்று கேட்பாரோ என்று உள்ளுக்குள் பயம். அவர் அதைக் கேட்கவில்லை.

“அப்ப இதெல்லாம் பாட்டு. சரி, பாடிக் காட்டுங்க.”

“பாட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் பாடுவேன். ஆபீஸ்ல பாட மாட்டேன். வேணும்னா வரியைச் சொல்றேன்.”

எப்படி எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. பயம் அதிகமானால் எனக்குக் குரல் கறாராகிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் வாசிப்பதுபோல், தெரிந்த வரிகளை ராகமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்பதாவது பாட்டில் ஒரு வரியோடு நின்றுவிட்டேன். அது எப்போதும் அந்த இடத்தில்தான் இரைச்சலில் மறையும்.

கதவருகே நின்ற பியூன் மெதுவாக அடுத்த வரியைச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா, இழுத்து ராகமாகவே பாடிவிட்டார்.

ஆபீசர் சட்டென்று திரும்பினார். “உமக்கு இவங்களைத் தெரியுமா?”

“அல்லாமேல ஆணையா நேத்துத்தான் சார் பாத்தேன். இவுகளத் தெரியாது, பாட்டத் தெரியும். எங்க பெரியபட்டினத்துல கடைக்குக் கடை அதான் போடுறாக.”

ஆபீசர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். பெரிய டீச்சர் வாங்கும் அதே பத்திரிகை, அதே இதழ். விமர்சகரின் பக்கத்தைத் திருப்பி என் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நானும் பாட்டு கேக்கிறவன்தான். இந்த வருஷத்து நல்ல பாட்டுன்னு இதுல பத்து போட்டிருக்கு. உங்க லிஸ்ட்ல பதினொண்ணு. ஒண்ணுகூட ஒத்துப்போகல. நாடே நல்லா இருக்குன்னு சொல்றதுல ஒண்ணுகூட உங்களுக்குப் பிடிக்காதா? இதுதான் எனக்கு இடிக்குது.”

பட்டியல் ஒத்துப்போகாதது ஒரு குற்றத்துக்குச் சாட்சியாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்த விமர்சகர் அங்கேயும் வந்து எனக்கு எதிராக உட்கார்ந்திருந்தார்.

“அதுல முதல் பாட்டை நீங்க கேட்டிருக்கீங்களா சார்?” என்றேன்.

“எந்தப் பாட்டு?”

“ஒண்ணாம் நம்பர்.”

பார்த்தார். “இன்னும் கேக்கல.”

“பின்னட்டையப் பாருங்க சார். படமே வரல.”

திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்னால் திருப்பினார். கம்பெனியின் பெயரைப் பென்சிலால் எண்ணுவது தெரிந்தது. பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பதினோரு பாட்டுக்கும் தெரிந்த வரிகளை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதி முடித்ததும், “போகலாம். கூப்பிட்டா வரணும்” என்றார்.

“அட்டையை அனுப்பிடுவீங்களா சார்?”

“அது ஃபைல்ல இருக்கும்.”

“உங்களுக்கு யார் குடுத்தது?”

“அதைச் சொல்ல முடியாது. தபால்லேருந்து வரல. ஒருத்தர் கையில கொண்டுவந்து குடுத்தார்.”

அவர் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். தபால்காரர் வாங்கிய பிறகு யார் எடுத்திருக்க முடியும்? மண்டபத்தில்தான் பை பிரிப்பார்கள். மண்டபத்தில்தான் பெரிய டீச்சர் இருக்கிறார். தபால் ஆபீசுக்கு அடுத்த வீட்டில். ஆபீசர் மேஜையில் இருந்தது அவர் வாங்கும் பத்திரிகை. ‘எங்கயாவது எழுதினியா’ என்று கேட்டவரும் அவர்தான். பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கடலை வாங்கி நீட்டினார். வேண்டாம் என்றேன்.

அதன் பிறகு ஆறு மாதம் அவரோடு தேவைக்கு மேல் பேசியதில்லை. பத்திரிகையை நீட்டினால் நேரமில்லை என்பேன். ஏன் என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் அவருக்கு உத்தரகோசமங்கைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. வழியனுப்பக்கூட நான் பஸ் நிற்கும் இடம்வரை போகவில்லை.

சுங்க ஆபீசிலிருந்து திரும்ப அழைப்பு வரவில்லை. பயம் தெளிந்து, அக்காவின் வீட்டுக்காரர் லைசென்ஸ் கட்டி ரேடியோவைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருநாள் மூணு தட்டுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது அக்கா என் கதவோரம் வந்து நின்றார். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“தங்கச்சி, அந்தக் கடுதாசிய அன்னைக்கு நான் தபால்காரர்ட்ட குடுக்கல.”

எனக்குப் புரியவில்லை.

“ரேடியோவப் பத்தி எழுதிட்டியோன்னு எனக்கு ஒரே பயம். நம்ம தெரு முக்குக் கடைக்காரர்ட்ட படிச்சுச் சொல்லச் சொன்னேன். படகு, காத்து, வெளக்குன்னு அவரு வாசிச்சாரு. மொகமே மாறிருச்சு. நானே போயிப் போட்டுர்றேன்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. நேரா மண்டபத்துல கொண்டுபோயிக் குடுத்திருக்காரு. பெறகுதான் சொன்னாரு.”

அக்கா அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு பயம். அந்த ஆறு மாதமும் பெரிய டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போனது கண்ணில் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய டீச்சரைப் பார்க்கப் பஸ் ஏறிப் போனேன். ராமநாதபுரத்தில் இறங்கி வேறு பஸ் மாறி அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்கார் என்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“நான்தான் குடுத்தேன்னு நெனச்சியா?”

“ஆமா டீச்சர். மன்னிச்சிருங்க.”

காயை நறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “எனக்கு ஏன் மாத்தல் வந்துச்சு தெரியுமா? நான் நேரத்துக்கு வாரதில்லன்னு மேல ஒரு மொட்டக் கடுதாசி போயிருக்கு. அந்த ஊர்ல எழுதுறவ நீ ஒருத்திதான். பேச்சையும் நிறுத்திட்ட. நான் என்ன நெனப்பேன்?”

“டீச்சர், நான் எழுதல.”

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அட்டையில் இருப்பதெல்லாம் பாட்டு என்று நான் சொன்னபோது ஆபீசர் பார்த்த பார்வைதான் அது. சொல்லி நிரூபிக்க இங்கே ஒரு வரியும் இல்லை.

“சரி” என்றார். “சாப்பிட்டுப் போ.”

சாப்பிட்டேன். அவர் இரண்டாம் தரம் குழம்பு ஊற்றினார். பஸ் வரும்வரை கூடவே வந்து நின்றார். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அந்த ‘சரி’யை எப்படி எடுத்துக்கொள்வது என்று மட்டும் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.