டிரம் பலகையில் செதுக்கிய துடுப்பு

என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஒரு துடுப்பு நிற்கிறது. ஆற்றில் தண்ணீரே ஓடாத ஆம்பூரில் துடுப்புக்கு என்ன வேலை என்று கேட்காதவர்கள் கிடையாது. கொசுவலைக் கயிற்றைத் தூக்கி மாட்ட, பரணிலிருந்து பெட்டியை இழுக்க என்று ஆளுக்கொரு பதில் சொல்லிச் சமாளித்து வருகிறேன். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள், "இன்னா சார் இது, களி கிண்டறதா? இம்மாம் பெருசா!" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் பழைய மர டிரம் ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த பலகையில் செதுக்கியது அது. பல வருடம் தோலோடு தோலாகச் சுழன்ற மரம். அடைமழை நாளில் இன்றைக்கும் அதிலிருந்து ஆவாரம்பட்டை வாசனை வருகிறது.

செதுக்கியவரை ஷாப்பில் எல்லோரும் கெமிஸ்ட் என்றுதான் கூப்பிடுவோம். எழுபதுகளின் கடைசியில் நான் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்த மாதமே அவரும் சேர்ந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. வேலூரில் பாகாயம் பக்கம் ஒரு விடுதியில் வளர்ந்தவர். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி யாருமில்லை. தீபாவளிக்கு ஷாப் மூடினால் எல்லோரும் ஊருக்குப் பஸ் பிடிப்போம். அவர் பஜார் பக்கத்து லாட்ஜ் அறையிலேயே கிடப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது கட்டில்மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, நான்கு மூலையிலும் செருப்பையும் சோப்பு டப்பாவையும் வைத்து அழுத்தியிருந்தார். காவிரி. அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் பரிசலில் இறங்கி, மூன்று நாள் காட்டுக்குள்ளேயே மிதந்து, ஒகேனக்கல் அருவிக்கு முன்னால் கரையேற வேண்டும் என்றார். தண்ணீர் பாறையில் மோதி நுரைக்கும் இடங்களையெல்லாம், மூங்கில் லாரி ஓட்டுகிறவர்களிடம் கேட்டுச் சிவப்புப் பென்சிலால் குறித்திருந்தார். "பாலாத்துல நாம உடற தண்ணிதாம்பா ஓடுது. தெனம் அதத்தான் பாட்டில்ல புடிச்சிப் பாக்கறேன். நெசமாவே ஓடற தண்ணி எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும். நீயும் வர்றியா?" என்றார். பிறகு, "நீச்சல் தெரியுமில்ல?" என்றும் கேட்டார்.

"தெரியாமயா?" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன! கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை நான். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் மாற்றிச் சொல்லவும் மனம் வரவில்லை. எப்படியும் நடக்காத காரியம்தானே என்றும் நினைத்தேன். ஆனால் மனுஷன் விடவில்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் அதே பேச்சு. தீப்பெட்டியை எதில் சுற்றுவது, அரிசியை எந்த டின்னில் அடைப்பது, எந்தத் திட்டில் இரவு தங்குவது, எல்லாம் முடிவாயிற்று. காட்டிலாகாவுக்கு அனுமதி கேட்டு நானே டைப் அடித்தேன். 'இருவர்' என்று அடித்ததும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். அந்த ஒரு சொல்லுக்கு அவர் அப்படிச் சிரித்ததை நான் மறக்கவில்லை.

இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. ஒரு புரட்டாசியில் மாமனார் வீட்டாரோடு ஒகேனக்கல் போனோம். எல்லோரும் பரிசலில் ஒரு சுற்றுப் போய்வர, நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாறைக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாகக் கொதித்ததைப் பார்த்ததும் பைகளை இன்னும் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். திரும்பி வந்த என் மனைவி பரிசல்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறார் என்று அவள் சொன்னதும் அவர் என்னைப் பார்த்து, "உங்க தோலு இதுக்கு ஆவாதுங்க. பதம் பண்ண தோலு தண்ணி குடிச்சிடும். பச்சத்தோல காய வெச்சி எண்ண தடவணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஊருக்கு வந்தால், கெமிஸ்ட் பரிசலுக்கென்று ஓர் எருமைத்தோலைப் பதனிடும் குழியில் இறக்கியிருந்தார். பச்சைத்தோல் என்றால் அழுகும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் முதலில் தெரிவது அதுதான். நாறும் தோலை நாறாத தோலாக்கித்தான் ஊரே சோறு தின்கிறது. அப்படியிருக்க, தோல் ஷாப்காரன் ஆற்றில் விடும் பரிசலைப் பச்சைத்தோலில் கட்டுவானா? கட்டினால் மானக்கேடு என்று ஷாப் மேஸ்திரிகூடச் சொன்னார். சுண்ணாம்பு, பட்டை, கடுக்காய் என்று நாற்பது நாளுக்கு மேல் கெமிஸ்ட் அந்தத் தோலைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். தினமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் குழிப் பக்கம் இழுத்துப் போய், "தொட்டுப் பாரு, ஏற்றுமதிச் சரக்குகூட இப்பிடி வராது" என்பார். தொட்டுப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்பேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தத் தோல் தோற்றுப்போகட்டும் என்று ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். எனக்கு உயிர்ப் பயம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மார்கழியில், மூங்கில் கூட்டின்மேல் தோலை இழுத்துக் கட்டி, பக்கத்து ஊர் ஏரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனோம். கெமிஸ்ட் ஏறி உட்கார்ந்தார். மிதந்தது! இரண்டு கையையும் தூக்கி, "வாப்பா, ஏறு!" என்று கத்தினார். செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்து நேரத்தைக் கடத்தினேன். கொஞ்ச நேரத்தில் தோல் முழுக்க வியர்த்தது. பிறகு கனத்தது, மூங்கில்களுக்கு நடுவே தொங்கியது, உள்ளே டீத் தண்ணீர் நிறத்தில் பட்டைச்சாறு ஏறியது. மார்பளவு ஆழத்தில் பரிசல் மெல்ல உட்கார்ந்துவிட்டது. நனைந்த சட்டையோடு கரைக்கு வந்தவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியலப்பா" என்றார். பாவி நான், பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

தையில் காணும் பொங்கலன்று அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அன்றுதான் அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். சாப்பாடு முடிந்து டீ கொடுக்கும்போது என் மனைவி பரிசலைப் பற்றி விசாரித்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பி, "ஏங்க, ஒகேனக்கல்ல அந்தப் பரிசல்காரரு சொன்னாரே, பதம் பண்ண தோலு ஆவாதுன்னு! நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அண்ணங்கிட்ட சொல்லலியா?" என்றாள்.

கெமிஸ்ட் என்னைப் பார்த்தார். கோபம் தெரிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மிச்ச டீயை நிதானமாகக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீ நல்லா இருந்திச்சிம்மா" என்று அவளிடம் சொல்லி எழுந்தார். தெருமுனைவரை கூடவே போனேன். அங்கே நின்று, "நீச்சல் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையை ஆட்டினேன். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாப்பா? நீ கரையோரமா வந்திருப்பே. சாயங்காலம் நான் கரை ஏர்ற எடத்துல சோறாக்கி வெச்சிருப்பே. கரையில ஒர்த்தன் நிக்கறான்னு தெரிஞ்சா போதும். எனக்கு அதுக்குதாம்பா ஆளு இல்ல" என்றார்.

இரண்டு மாதத்தில் கான்பூர்ப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வாட்ச்மேன் வந்து, "சார் இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு" என்று இந்தத் துடுப்பை நீட்டினார். இரண்டு செதுக்கியிருந்தார், தன்னுடையதை எடுத்துக்கொண்டு எனக்கானதை விட்டுப் போயிருந்தார். எத்தனையோ கடிதம் எழுதினேன். ஒன்றையும் தபாலில் போடவில்லை. அவர் அந்த ஆற்றில் இறங்கினாரா, இறங்கிய அன்று கரையில் யாராவது நின்றார்களா, எனக்குத் தெரியாது.

மனைவி போய் மூன்று வருடமாகிறது. பிள்ளைகள் வெளியூரில். தீபாவளிக்கு எல்லோரும் எங்கோ பஸ் ஏறும்போது நான் இங்கேயே கிடக்கிறேன். அந்த லாட்ஜ் அறையில் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. போன கார்த்திகை மழையில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. பாலத்துத் தூண்களில் மோதித் தண்ணீர் வெள்ளையாக நுரைத்ததைப் பார்க்க ஊரே திரண்டது. என்ன தோன்றியதோ, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நானும் போனேன். போலீஸ்காரர் ஒருவர், "பெருசு, அத வெச்சிகினு எங்க போறே?" என்று மறித்தார். "தண்ணியில எறங்கலப்பா, கரையிலதான் நிப்பேன்" என்றேன். சிரித்து விட்டுவிட்டார். மேல்பக்கம் வளைவில் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி பொழுது சாயும்வரை நின்றேன். முள்மரம் வந்தது, பிளாஸ்டிக் குடம் வந்தது, யாருடைய வீட்டுக் கூரையோ வந்தது. கூட்டம் கலைந்ததும் வீட்டுக்கு வந்து, துடுப்பைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். தண்ணீரே படாத அதைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.