கம்பெனி நன்கொடையோடு மேடை ஏறினேன்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஹெச்.ஆர். மேனேஜராக இருந்தேன். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது தவிர, கதவில் எழுதாத இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. தேர்தல் வந்தால் வேட்பாளர்களுக்குக் கம்பெனியின் 'அன்பை'க் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதில் நான் மகா கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. கவரை மேசையில் வைக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்குக்கூட ஒரு பாணி வைத்திருந்தேன்.

நகராட்சித் தேர்தல் சமயம். கம்பெனிக்குப் பின்னால் ஒரு சந்து. அதை வளைத்துப் போட்டால் கன்டெய்னர் லாரி சுலபமாகத் திரும்பும். அதற்கு நகராட்சித் தீர்மானம் வேண்டும். பின்தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அந்தச் சந்து வழியாகத்தான். அடைத்தால் ஹைவே ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். இந்தப் பேச்சு தெருவுக்கும் எட்டியிருந்தது.

எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "கட்சிக்காரங்க ரெண்டு பேருக்கும் செஞ்சாச்சு. சுயேச்சையா நிக்குதே எஸ்தரு, அது ஒண்ணுதான் பாக்கி. பாத்துட்டு வந்துடுய்யா."

எஸ்தர் எங்கள் ஸ்டிட்சிங் லைனில் சூப்பர்வைசராக இருந்து, வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றவர்.

"நம்ம பொண்ணு சார். ஒரு பேஜாரும் இருக்காது," என்றேன்.

நான் போன சாயங்காலம் பின்தெருவில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டதுதான் மேடை. எஸ்தரை ஓரமாகக் கூப்பிட்டுக் கவரை நீட்டினேன், வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இன்னா சார் இது?"

"கம்பெனி சார்பா சின்ன உதவிம்மா. நோட்டீஸு, ஆட்டோ செலவுக்கு ஆவும்."

"நல்லது சார். ஆனா இங்க யாரு குடுத்தாலும் மைக்ல சொல்லிட்டுத்தான் குடுக்கணும். யாரு, எதுக்குக் குடுக்கறாங்கன்னு. நேத்து இட்லிக்கடை அக்காகூட அப்படித்தான் குடுத்தாங்க."

அந்த நிமிஷமே நான் பைக்கை எடுத்திருக்க வேண்டும். ஆனால் மைக் என்றால் எனக்கு ஒரு சபலம். கம்பெனி ஆண்டு விழாவில் என்னை உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன்.

"ஜனநாயகம் செழிக்க, எங்கள் நிறுவனம் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல்..." என்று ஆரம்பித்தேன்.

கூட்டத்தில் பாதிப் பேர் எங்கள் தொழிலாளிகள். கட்டிங் செக்ஷன் செல்வி எழுந்தார். "எதிர்பார்ப்பு இல்லன்னா எஸ்தருக்கு மட்டும் ஏன் சார் குடுக்கறீங்க?"

கம்பெனி பாரபட்சம் காட்டுகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு. "யாரு சொன்னது? மத்த ரெண்டு பேருக்கும் குடுத்துட்டுத்தான் இங்க வந்திருக்கேன்!" என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே ஒரு மூச்சு கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் விசில் பறந்தது.

"அப்போ சந்த அடைப்பீங்களா, மாட்டீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பரிசீலிக்கப்படும்," என்றேன். அவர்கள் லீவு லெட்டரில் எல்லாம் நான் எழுதும் வார்த்தை அது. சிரிப்பில் பெஞ்சே ஆடியது.

எஸ்தர் சிரிக்கவில்லை. மைக்கை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். "சார், பணம் வேணாம். எடுத்துட்டுப் போங்க. எங்களுக்குச் சந்து போதும்."

மறுநாள் எம்.டி. கத்தவில்லை. "மைக்ல சொல்லச் சொன்னா திரும்பி வந்துட வேண்டியதுதான? எதுக்குய்யா மைக்கப் புடிச்ச?" என்று மட்டும் கேட்டார். கவர் கொண்டுபோகும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்.

கவர் வாங்கியது ஊருக்கே தெரிந்துவிட்டதால், கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் தெருத் தெருவாகப் போய், சந்தை அடைக்க விடமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. எஸ்தர் தோற்றுப்போனார். ஜெயித்தவரோ, ஊரறியச் சொன்ன வார்த்தையை மீற முடியாமல் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கினார்; தீர்மானம் விழுந்தது. லாரி ரிவர்ஸில்தான் உள்ளே வருகிறது. பிள்ளைகள் சந்து வழியாகவே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

புதிதாக ஹெச்.ஆருக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன்: எதற்குக் கொடுக்கிறோம் என்று ஊர் முன்னால் சொல்ல முடியாத பணத்தைச் சுமந்துகொண்டு போகாதீர்கள். இதைக் கொள்கையால் கண்டுபிடித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மேடை ஆசையால்தான் கண்டுபிடித்தேன்.