சனிக்கிழமை வகுப்பில் மேற்குப் பயணம்

கற்பித்தல் தொழிலுக்குப் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. கற்பித்தது போய்ச் சேராததைப் பார்த்தபடி நிமிர்ந்து நிற்கவும் தெரிய வேண்டும். புலம்பெயர் நாடுகளின் தமிழ்ப்பள்ளிகளில் தொண்டை வற்றிய சக ஆசிரியர்களே, உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

யாழ்ப்பாணத்தில் ஓய்வுபெற்று, ஹம்பேர்க்கில் மகளுடன் வாழும் நான், இங்குள்ள சனிக்கிழமைப் பள்ளியின் நான்காம் வகுப்பை ஏற்றேன். பெற்றோர் விழாவில் பிள்ளைகள் ஒரு பாடத்தைத் தமிழில் நடித்துக் காட்டாவிட்டால் என் வகுப்பைக் கலைத்து மூன்றாம் வகுப்போடு சேர்ப்பதென்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க ஜனாதிபதி அனுப்பிய படை அதிகாரிகள் இருவர், வரைபடத்தில் வெறுமையாய்க் கிடந்த மேற்குத் திசையை நோக்கி ஆறும் மலையும் கடந்து சென்ற வரலாற்றைத் தேர்ந்தேன். துணிவான கதை பிள்ளைகளின் நாவைத் திறக்கும் என்று நம்பினேன்.

வெற்றுத் தாள்

பெரிய தாளொன்றைச் சுவரில் ஒட்டி, கிழக்குக் கரையை மட்டும் வரைந்தேன். "இதற்கப்பால் என்ன இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அறியாத காட்டுக்குள் நடந்து வழி காண்பவரே ஆய்வுப் பயணி" என்று நிறுத்தி நிதானமாக விளக்கினேன்.

அதுவரை வகுப்பில் வாய் திறவாத ஆரணன் கையை உயர்த்தினான். ஒரு தளபதியாக நடிக்க அவனைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். அளவற்ற மகிழ்ச்சியோடு, "சொல்லும் தம்பி" என்றேன். "எங்கட அப்பாவும் காட்டுக்குள்ளால நடந்து மேற்குக்குத்தான் வந்தவர், ரீச்சர். ஆனா அவரைப் பொலிஸ்தான் கண்டுபிடிச்சது."

ஆற்றின் நடுவே

தளபதி வேடம் கொடுத்த மறுவாரமே ஆரணன் வரவில்லை, அவன் தாய் வந்தார். ஜேர்மன் பள்ளியிலும் அவன் நான்காம் வகுப்பு; புள்ளிகளைப் பார்த்து, அடுத்து எந்தப் பள்ளிக்குப் போகலாமென்று அங்குள்ள ஆசிரியை பரிந்துரை எழுதும் ஆண்டாம் இது. சனிக்கிழமைகளில் அவனுக்குக் கணக்கு வகுப்பு வைத்துவிட்டார்களாம். "படகுகள் நட்டாற்றில் நிற்கின்றன, தளபதி இல்லாமல் நான் என்ன செய்வது?" என்று மன்றாடினேன். விழாவன்று மட்டும் அனுப்புவதாக ஒப்புக்கொண்டு, என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஆத்தை அவன் பிறகு கடக்கட்டும் ரீச்சர். நாலாம் வகுப்பைத் திரும்பக் கடக்கேலாது."

இடையில் நின்றவள்

நான் ஒரு கேள்வி கேட்பேன். ஒரு கையும் உயராது. முன்வரிசைத் தர்ஷிகா திரும்பி ஜேர்மன் மொழியில் ஏதோ சொல்வாள். உடனே பத்துக் கைகள் உயரும். அவர்களுடைய பதில்களை அவளே எனக்குத் தமிழில் தருவாள். வாரக்கணக்கில் நான் கற்பித்தது அவள் ஒருத்திக்கு மட்டுமே என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

மலையடிவாரத்தில் அந்தப் படையினர் அங்குள்ள பழங்குடியினரிடம் குதிரைகள் கேட்டபோது, கைக்குழந்தையோடு உடன் சென்ற இளம்பெண்ணொருத்தி இரு தரப்புக்கும் நடுவே அமர்ந்து பேச்சை மாற்றி மாற்றிச் சொன்ன பகுதிக்கு வந்தோம். அதை மட்டும் தர்ஷிகா யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். "நானும் அம்மாவுக்காண்டி ஜேர்மன் கதைக்க டொக்டரிட்டை, ஒஃபிசுக்கு எல்லாம் போறனான், ரீச்சர். அந்த அக்காவுக்கும் சரியான அலுப்பா இருந்திருக்கும்."

கைதட்டல்

விழா மேடையில் ஆரணன் காகிதத் தொப்பியோடு நின்றான். முதல் வரியே வரவில்லை. தொப்பியை நிமிர்த்திவிட்டு, ஜேர்மன் மொழியில் பொழியத் தொடங்கினான். மற்றப் பிள்ளைகளும் துணிவு பெற்று அவ்வாறே தொடர்ந்தனர். தர்ஷிகா, யாரும் சொல்லாமலே நடுவில் வந்து நின்று, ஒவ்வொன்றையும் தமிழாக்கினாள். "எட, எங்கட சீவியம் மாதிரியே கிடக்கு!" என்று தந்தையொருவர் சத்தமிட, மண்டபமே சிரித்துக் கைதட்டியது. திரைக்குப் பின்னால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அது ஆனந்தக் கண்ணீர் அன்று.

விழா முடிந்ததும் பள்ளிச் செயலாளர் தேநீரோடு வந்தார். "வகுப்பைக் கலைக்கமாட்டம், ரீச்சர், யோசிக்காதேங்கோ. ஜேர்மன் பாஷையும் தெரிஞ்ச ஒரு இளம் ரீச்சரை உங்கட இடத்துக்குப் பாத்திட்டம்."

தமிழைத் தமிழிலேயே கற்பித்த குற்றத்திற்காக, சக ஆசிரியர்களே, நான் இரண்டாம் முறையாக ஓய்வு பெற்றிருக்கிறேன்.