மூணாவது மாடியில் கதிரின் செருப்பு

பிள்ளைகளா, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காத்து, கருப்பு, அசரீரி என்று யாராவது பேச்செடுத்தால் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். வத்திராயிருப்பில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். தேங்காய் இறக்கிவிட்டு எந்த நேரத்தில் கான்சாபுரத்துக்குத் திரும்பினாலும் கண்மாய்க்கரையையும் சுடுகாட்டையும் தாண்டித்தான் வர வேண்டும். நாயைத் தவிர வேறு எதற்கும் பயந்ததில்லை. படித்ததும் எட்டாவது வரைதான், அதனால் இல்லாததைக் கட்டி எழுதுகிற திறமையும் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எழுதச் சொன்னது என் மகள் பவானி. உங்களோடு ஏழாவது படிக்கிறாளே, அவள்தான். நாங்கள் குடும்பத்தோடு ஹோட்டலில் ரூம் எடுத்துத் தங்கினோம் என்று அவள் வகுப்பில் சொல்ல, நீங்கள் எல்லாரும் கட்டில் எப்படி இருந்தது, லிப்டில் போனீர்களா என்று ஆசையாகக் கேட்டீர்களாம். மூணாவது மாடியில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னதும், "ஏட்டி, கத விடாத" என்று சிரித்துவிட்டீர்களாம். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதனால் ரெண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஹோட்டலில் தங்கினால் என்னவெல்லாம் இருக்கும் என்பதும் இதிலேயே வந்துவிடும்.

என் மகன் கதிருக்கு ஐந்து வயது. பிறவியிலேயே காது கேட்காது. மிஷின் மாட்டினால் கேட்கும், பேசுவான், அக்காளோடு சண்டை போடுவான். மிஷினைக் கழற்றிவிட்டால் முதுகுக்குப் பின்னால் வேட்டுப் போட்டாலும் திரும்ப மாட்டான். நேருக்கு நேர் நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வான், அவ்வளவுதான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லப்போவது முழுக்க இதில்தான் நிற்கிறது.

பழைய மிஷின் போதவில்லை என்று ராஜபாளையத்தில் ஒரு காது கிளினிக்கில் புதிதாக வாங்கினோம். அதை மாட்டியும் கழற்றியும் சத்தம் வைத்துப் பார்க்க வேண்டுமாம். பிள்ளை நன்றாகத் தூங்கி எழுந்து தெளிவாக இருந்தால்தான் அது முடியும் என்றார்கள். விடியற்காலை பஸ் பிடித்துப் போனோம். பஸ்ஸில் வாந்தி எடுத்து, அங்கே போய் அழுது, பார்க்க முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனோம், மறுபடியும் அதே கூத்து. இதைக் கேட்ட என் மச்சினன், சென்னையில் வேலை பார்க்கிறவன், முந்தின நாளே போய் ஹோட்டலில் தங்கிக்கொள்ளுங்கள் மச்சான் என்று சொல்லி, அங்கிருந்தே போனில் ரூம் போட்டுவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டு மேலேயே இருக்கிறது அந்த ஹோட்டல். பெயர் வேண்டாம். ஊர் ஊருக்கு இதே பெயரில், இதே நிறத்தில் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்களாம். கிருஷ்ணன்கோவில் காலேஜில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள்தான் அதிகம் தங்குவார்களாம். வாசலில் இறங்கும்போது நம்மையெல்லாம் உள்ளே விடுவார்களா என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெயா என்கிற பெண், மம்சாபுரத்துப் பிள்ளை, சொந்தக்காரர்கள் வந்த மாதிரி எழுந்து நின்று, வாங்கண்ணே, வாங்க மதினி என்று கூப்பிட்டாள். ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கார்டைக் கொடுத்தாள். சாவி கிடையாது, பிள்ளைகளா. அந்தக் கார்டைக் காட்டினால் கதவு திறக்கும். உள்ளே போய் அதையே சுவரில் இருக்கிற சின்னப் பொட்டியில் செருகினால்தான் லைட்டும் ஏசியும் வரும். உருவினால் எல்லாம் நின்றுவிடும். வெளியே வந்தால் கதவு தானாகச் சாத்தித் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

எங்கள் ரூம் ரெண்டாவது மாடியில், லிப்டை விட்டு இறங்கி வலது பக்கம் மூணாவது கதவு. கட்டிலில் விரித்திருந்த விரிப்பு வெள்ளையென்றால் அப்படியொரு வெள்ளை. என் மனைவி முத்துலட்சுமி அதில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்த ஜெயா அதைப் பார்த்துவிட்டு, "எந்திரிங்க மதினி. அழுக்கானா நாளைக்கு வேற விரிக்கப் போறோம், அதுக்குத்தான நாங்க இருக்கோம்" என்றாள். பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் எங்களைக் குறைச்சலாக நினைக்காமல் அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன். குழாயைத் திறந்ததும் சுடுதண்ணீர் வந்தது. துண்டு போர்வை மாதிரி கனம். டீ போட்டுக் குடிக்கக் கெட்டில் இருந்தது. கதிர் குட்டி சோப்பை மோந்து மோந்து பார்த்தான், பவானி ஒரு சுவிட்சை விடாமல் போட்டுப் பார்த்தாள்.

ஒரு தப்பு மட்டும் செய்தோம். வீட்டு வழக்கப்படி நாலு பேர் செருப்பையும் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டோம். அவ்வளவு நீளமான வராந்தாவில் வேறு ஒரு ரூம் வாசலிலும் செருப்பு இல்லை. இங்கே உள்ளேயே போட்டுக்கொள்ளலாம் அண்ணே என்று ஜெயா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்தேன். கதிருக்குத்தான் அது பிடிக்கவில்லை. நடக்கப் பழகும்போதே செருப்பை வாசலில் விட வேண்டும் என்று அவன் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தன் நீலச் செருப்பைக் காட்டி "வெளிய, வெளிய" என்று என் கையைப் பிடித்து இழுத்தான்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தோம். சாயங்காலம் நடை திறந்ததும் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று மனைவியும் பவானியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதிரின் மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, அவனைத் தூங்க வைக்கிறேன் என்று பக்கத்தில் படுத்தேன். அந்த மெத்தை சுகத்தில் நானும் தூங்கிப்போனேன். அவர்கள் கிளம்பியது எனக்குத் தெரியாது. என் மனைவிக்கு, வெளியே போனால் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற பழக்கம். கை தன்னால் போய்ச் சுவரில் இருந்த கார்டை உருவியிருக்கிறது. இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

புழுக்கத்தில் எனக்கு முழிப்புத் தட்டியது. ஏசி ஓடவில்லை. திரை போட்ட ரூம் கும்மிருட்டாக இருந்தது. பக்கத்தில் தடவினேன், பிள்ளை இல்லை. திரையை இழுத்துவிட்டுப் பாத்ரூமில் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அவன் செருப்பும் இல்லை. மிஷின் டப்பா மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன், ரெண்டு காதுக்கும் உள்ளது உள்ளேயே இருந்தது.

வெளியே ஓடி வந்ததும் கதவு எனக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன், திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளையைக் காணோம் என்றால் எந்த அப்பனும் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுவான். எனக்கு அதற்குக் கூட வழி இல்லை. அவன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றாலும் என் குரல் அவனுக்குப் போகாது.

கீழே ஓடினேன். வாசலை விட்டு நகரவே இல்லை, பிள்ளை வெளியே போகவில்லை என்று ஜெயா அடித்துச் சொன்னாள். அவள் முதல் மாடிக்கு ஓட, நான் லிப்டில் மூணாவது மாடிக்குப் போனேன். அங்கே இன்னும் வேலை முடியவில்லை. ரூம் எல்லாம் பூட்டிக் கிடக்கும், கேமரா கூட வைக்கவில்லை. அன்றைக்கு வேலையாட்களும் வரவில்லை.

இந்த மாதிரி ஹோட்டலில் எல்லா மாடியும் ஒரே அச்சு, பிள்ளைகளா. அதே கதவு, அதே வராந்தா. லிப்ட் திறந்ததும் என் கண் தன்னால் வலது பக்கம் மூணாவது கதவுக்குப் போனது. கதிரின் நீலச் செருப்பு அந்த வாசலில் இருந்தது. இருட்டில் முழித்து அம்மாவைத் தேடிக் கிளம்பியவன் லிப்டில் ஏறி இங்கே வந்து இறங்கியிருப்பான். எங்கள் ரூம் என்று நினைத்து, அம்மா சொல்லிக்கொடுத்தபடி வெளியே கழற்றி விட்டிருக்கிறான். அது மட்டும் கண்ணில் படாவிட்டால், பூட்டிக் கிடக்கிற மாடிதானே என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன்.

செருப்பைத் தாண்டி, வராந்தா நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பூட்டிய ஒரு கதவைப் பார்த்துச் சிரித்தபடி, யாரோ ஏதோ சொல்ல இவன் கேட்டுக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால், வராந்தா முடிகிற இடத்தில், கண்ணாடி போடாத பெரிய ஜன்னல். தரை வரைக்கும் திறப்பு. நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் ஒரு முனை அவிழ்ந்து காற்றில் படபடவென்று அடித்தது, அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. நேர் கீழே கட்டடக் கம்பியைக் குவித்துப் போட்டிருக்கிற இடம்.

ஓடிப் போய் அவனைத் தூக்கிய பிறகுதான் தரையைப் பார்த்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் சுவருக்குப் பட்டி தேய்த்த வெள்ளைத் தூள் மாவு மாதிரி படிந்து கிடந்தது. அதில் அவன் பாதம் அச்சாகப் பதிந்திருந்தது. செருப்பு இருந்த இடத்தில் இருந்து நேராக அந்த வெளிச்சத்துக்குப் போயிருக்கிறான். விளிம்புக்கு ஒரு எட்டு முன்னால் ரெண்டு பாதமும் சேர்ந்து நின்றிருக்கிறது. அங்கிருந்து அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அந்தத் தூளில் அவன் பாதத்தையும் என் பாதத்தையும் தவிர வேறு தடம் இல்லை. நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

அவன் முகத்தை என் பக்கம் திருப்பி, "ஏலே, அங்க எதுக்குல போன?" என்று கேட்டேன்.

"வெளிச்சமா இருந்துச்சு."

"பொறவு ஏன் திரும்பி வந்த?"

"கூப்ட்டாக."

"யாருலே?"

அந்தப் பூட்டிய கதவைக் கையால் காட்டினான். "அவிய. மொச்சை, இங்கிட்டு வானு கூப்ட்டாக."

குறை மாதத்தில் பிறந்தபோது மொச்சைப் பயறு மாதிரி இருக்கிறான் என்று அவன் அம்மா வைத்த செல்லப் பேர் அது. அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள், அதுவும் வீட்டுக்குள். ஹோட்டலில் அந்தப் பேரை யாரும் வாயில் எடுக்கவில்லை. அவளோ அந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடை திறக்கக் காத்துக்கொண்டு நிற்கிறாள்.

அவனுக்குச் செருப்பு மாட்டப் போனபோது இன்னொன்றையும் கவனித்தேன். உள்ளே போகிறவன் கழற்றினால் செருப்பின் முன்பக்கம் கதவைப் பார்த்து இருக்கும். இது ரெண்டும் ஒட்டி, வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. கிளம்புகிற பிள்ளை காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி. கதிர் இன்றைக்கு வரைக்கும் செருப்பைத் திருப்பி வைத்ததில்லை.

ஜெயா படியேறி ஓடி வந்தாள். அந்தத் தார்ப்பாயைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தன்னிடம் இருந்த கார்டால் அவன் காட்டிய கதவைத் திறந்தாள். மெத்தை போடாத கட்டில், ஜன்னல் எல்லாம் அடைப்பு, தரையில் கலையாத தூசி. பிறகு கீழே வந்து எங்கள் ரூமையும் அவள்தான் திறந்துவிட்டாள். மிஷின் டப்பா நான் விட்ட இடத்தில் மேஜை மேலேயே இருந்தது.

ஹோட்டல்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொழுது சாய்வதற்குள் மேனேஜரே ஆளைக் கூட்டிவந்து அந்தத் திறப்பைப் பலகை வைத்து அடைத்தார், மூணாவது மாடிக்கு லிப்ட் போகாதபடி நிறுத்தினார், என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஜெயா வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கதிருக்குப் பால் ஆற்றிக் கொடுத்துக்கொண்டு கூடவே இருந்தாள்.

மனைவி திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, இடுப்பில் இருந்த கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்குச் சந்தேகமே கிடையாது, ஆண்டாள் தாயார்தான் கூப்பிட்டது என்கிறாள். தாயாருக்கு மொச்சை என்கிற பேர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெனம் எம்மொச்சையக் காப்பாத்துன்னு சொல்லித்தான கும்பிடுதேன், தெரியாமப் போவுமா?" என்றாள். இருக்கலாம்.

மறுநாள் காலையில் கீழே இட்லி, பொங்கல், வடை என்று வைத்திருந்தார்கள். எம்புட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கதிர் தெளிவாக எழுந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். கிளினிக்கில் சத்தம் அடைத்த சின்ன அறையில் என் மடியில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் ஒரு கட்டையை எடுத்துக் கூடையில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். புது மிஷின் மாட்டியதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் சரியாகப் போட்டான். ரொம்பச் சின்னச் சத்தத்துக்குக் கூடப் போட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாள் ஆசை அது.

பிறகு மிஷினைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சோதிக்கிற கிளினிக் அம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். எனக்கே காது அடைத்தது. இவன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். சரி, போதும் என்று அந்தம்மா பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தார். அப்போது கதிர் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினான், முகமெல்லாம் சிரிப்பு, கையில் இருந்த கட்டையைக் கூடையில் போட்டான்.

"நான் ஒண்ணுமே குடுக்கலையேங்க" என்றார் அந்தம்மா.

நான் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தேன், சாத்தியபடியே இருந்தது.

இப்போது கதிர் நன்றாகப் பேசுகிறான், பாட்டெல்லாம் பாடுகிறான். அந்த ஹோட்டலையும் ஜெயாவையும் நினைத்தால் எனக்கு நல்ல நினைப்புத்தான், மறுபடி தங்க வேண்டி வந்தாலும் அங்கேதான் தங்குவேன். அவனைக் கூப்பிட்டது யாராக இருந்தாலும் அவர்களுக்கு நான் கடமைப்பட்டவன், அதில் மாற்றம் இல்லை.

ஆனால் படுக்கும்போது மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்த பிறகு, என்றைக்காவது ஒரு நாள், அவன் வாசல் பக்கம் திரும்பிச் செத்த நேரம் கேட்டுக்கொண்டு இருப்பான். பிறகு, "அப்பா இருக்காக, பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவான். அந்த மாதிரி நாளில் நான் சத்தம் போடாமல் எழுந்து போய், வாசலில் கிடக்கிற அவன் செருப்பை எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறேன்.